சிரித்துக்கொண்டே இறங்கிய டோலி

இரண்டு வருடங்களுக்கு முன்னால், மாசி முடிந்து பங்குனி பிறக்கிற சமயம். ஒடுகத்தூருக்கு மேலே ஜவ்வாது மலையில் நடந்த சம்பவம் இது. இன்றைக்கு நினைத்தாலும் எனக்கு முதலில் சிரிப்புதான் வரும், மற்றதெல்லாம் அப்புறம்தான்.

நான் வேலூரில் ஒரு மருத்துவத் தொண்டு நிறுவனத்தில் வேலை பார்க்கிறேன். டாக்டரும் இல்லை, நர்சும் இல்லை. நன்கொடையாளர்களுக்குக் கடிதம் எழுதுவதுதான் என் வேலை. ‘அன்புடையீர்’ என்று ஆரம்பித்து, படிக்கிறவருக்கு மனசு இளகி, ஏதாவது செய்யவேண்டும் என்று தோன்றும்படி முடிக்க வேண்டும். கேட்பது தெரியாமல் கேட்க வேண்டும். என் வீட்டுக்காரர் இதை ‘இங்கிலீஷ் படிச்சவங்க கையேந்துற ஸ்டைல்’ என்பார். நான் அவரை முறைப்பேன். ஆனால் உள்ளுக்குள் எனக்கும் அந்த உறுத்தல் உண்டு என்பதால் முறைப்பதோடு விட்டுவிடுவேன்.

எங்கள் மருத்துவ வேன் வாரத்தில் ஒருநாள் மலைக்குப் போகும். தார் ரோடு எங்கே முடிகிறதோ அங்கே ஒரு ஆலமரத்தடியில் நிற்கும். அதற்கு மேலே இருக்கிற குக்கிராமங்களுக்கு ஒற்றையடிப் பாதைதான். நடக்க முடிந்தவர்கள் இறங்கி வந்து பார்த்துக்கொள்வார்கள். முடியாதவர்களை, கனமான மூங்கிலில் போர்வையைத் தூளி மாதிரி கட்டி, அதில் படுக்கவைத்து, ஆள் மாற்றி ஆள் தோளில் சுமந்துகொண்டு வருவார்கள். அதுதான் டோலி. பிரசவ வலி, பாம்புக்கடி, மரத்திலிருந்து விழுந்தவர்கள் எல்லாம் ரோடு வரைக்கும் டோலி, அங்கிருந்து எங்கள் வேன் அல்லது ஷேர் ஜீப்.

அந்த வருடம் நன்கொடை வரத்து மிகவும் குறைந்துவிட்டது. எங்கள் பொறுப்பாளர் என்னைக் கூப்பிட்டு, இந்த மார்ச் கடிதமும் எடுபடவில்லை என்றால் மலைக்குப் போகிற வேனை நிறுத்திவிடப் போகிறார்கள் என்று சொல்லிவிட்டார். என் எழுத்தை நம்பி ஒரு வேன் ஓடுகிறது என்று கேட்பதற்குப் பெருமையாகத்தான் இருக்கும். அந்த வேன் நின்றுபோகலாம் என்று தெரிந்த பிறகு சோறு இறங்காது. மூன்று கடிதம் எழுதினேன். மூன்றையும் படித்துவிட்டு அவர் உதட்டைப் பிதுக்கினார்.

“கண்ணீர் வரலியேம்மா. படத்தப் பாத்தாலே படிக்கிறவங்களுக்குத் தொண்ட அடைக்கணும். டோலி படம் ஒண்ணு எடுத்துட்டு வா” என்றார்.

சொல்வது சுலபம். நிஜமாகவே ஒருவரைச் சுமந்துகொண்டு ஓடும்போது கேமராவைத் தூக்கிக்கொண்டு முன்னால் போய் நிற்க எனக்கு மனசு வராது, நின்றாலும் அவர்கள் விடமாட்டார்கள். அதனால் ஒரு டோலியைக் கட்டி, ஒருவரைப் படுக்கவைத்து, நாலு அடி தூக்கச் சொல்லி எடுத்துக்கொள்வது, படத்துக்குக் கீழே ‘மாதிரிப் படம்’ என்று போட்டுவிடுவது என்று முடிவு செய்தோம்.

வேன் போகிற நாளாகப் பார்த்து நானும் ஏறிக்கொண்டேன். நர்சை ஆலமரத்தடியில் விட்டுவிட்டு மேலே இருக்கிற ஊருக்கு நடந்தேன். போட்டோ எடுக்கப் போகிறேன் என்று அவரிடம் சொன்னேனே தவிர, என்ன போட்டோ என்று சொல்லவில்லை. அவருக்கு முன்னால் மாத்திரைக்காக அவ்வளவு பேர் நின்றுகொண்டிருந்தார்கள்.

மேலே இருந்த ஊர்க்காரர்கள் உடனே சம்மதித்தார்கள். வேன் நிற்கக் கூடாது என்பதில் என்னைவிட அவர்களுக்கு அக்கறை அதிகம். மூங்கில் வந்தது, போர்வை வந்தது, தூக்க நாலு பேர் வந்தார்கள். படுக்கத்தான் ஆள் இல்லை. உடம்பு நன்றாக இருக்கும்போது டோலியில் படுப்பது ஆகாதாம். கேட்ட ஆளெல்லாம் நழுவினார்கள். ஒல்லியாக ஒருவர் கிடைத்தால் தூக்குகிறவர்களுக்கு வசதி என்று நான் தேடிக்கொண்டிருக்க, கடைசியில் முன்வந்தவர் அந்த ஊரில் பெட்டிக்கடை வைத்திருப்பவர். ஊரிலேயே கனமான ஆசாமி.

“இந்த ஆகாது கீகாதெல்லாம் எனக்கு இல்ல மேடம். என் கல்யாணத்துல கூட யாரும் என்னத் தூக்கல. ஒரு தபா தூக்கட்டுமே” என்றார்.

தூக்க வந்த நாலு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அதில் ஒருவர், “இன்னாண்ணா, கடையில இருக்கற கடலமுட்டாயெல்லாம் நீயே துன்றியா?” என்று கேட்டார். கூடியிருந்தவர்கள் சிரித்த சிரிப்பில் பக்கத்துக் கொட்டகையில் ஆடுகள் மிரண்டன.

கடைக்காரர் படுத்தார். கேமராவை வைத்தால் அவர் பல்லெல்லாம் தெரிந்தது. உடம்பு முடியாதவர் மாதிரி இருங்கள் என்றேன். முகத்தைச் சுளித்துப் பார்த்தார், அது இன்னும் மோசமாக இருந்தது. நானே சிரித்துவிட்டேன். வேறு வழியில்லாமல், கழுத்து வரைக்கும் போர்த்தி, முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொள்ளச் சொன்னேன். பாதையில் நாலு அடி நடந்தால் போதும், பின்னாலிருந்து எடுத்துக்கொள்கிறேன் என்றேன். அவர்களும் நடந்தார்கள். முதல் வளைவில் வெளிச்சம் அருமையாக விழுந்தது. இன்னும் கொஞ்சம் போங்கள் என்றேன். அங்கேதான் காரியம் கெட்டது.

அது புளி உலுக்குகிற பருவம். பாதைக்கு இரண்டு பக்கமும் சரிவில் புளியமரங்கள். பக்கத்து ஊர்களிலிருந்தெல்லாம் வந்து குடும்பம் குடும்பமாக மரத்தடியில் உட்கார்ந்து புளியம்பழத்தின் ஓட்டைத் தட்டி எடுத்துக்கொண்டிருந்தார்கள். நாங்கள் சொல்லியிருந்தது ஒரு ஊருக்கு மட்டும்தானே? இவர்கள் யாருக்கும் விஷயம் தெரியாது.

வளைவைத் தாண்டி டோலி தெரிந்ததும் ஒரு மரத்தடியில் இருந்தவர்கள் அப்படியே எழுந்தார்கள். கையில் இருந்ததைப் போட்டுவிட்டு சரிவில் குதித்து ஓடிவந்தார்கள். ‘யாரு, இன்னா?’ என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. முன்னால் ஒருவர், பின்னால் ஒருவர் என்று மூங்கிலுக்கு அடியில் தோளை நுழைத்துக்கொண்டார்கள். அது அந்த மலையின் வழக்கம் என்று நர்ஸ் பிற்பாடு எனக்குச் சொன்னார். டோலியைப் பார்த்தால் உள்ளே யார் என்று விசாரிக்கக் கூடாது. விசாரிக்கிற நேரத்தில் இன்னும் கொஞ்ச தூரம் போய்விடலாம். யாராக இருந்தாலும், எந்த வேலையில் இருந்தாலும், வந்து தோள் கொடுக்க வேண்டும். தூக்கிய டோலியை ரோடு சேரும் வரைக்கும் கீழே வைக்கவும் கூடாது.

அதற்குள் எங்கள் ஆட்கள் கடைக்காரரின் கனத்தில் நாக்குத் தள்ளிப்போயிருந்தார்கள். தோள் மாற்றியதும், விஷயத்தைச் சொல்லக்கூட மூச்சில்லாமல் ஓரமாக உட்கார்ந்துவிட்டார்கள். இரண்டாவது வளைவில் இன்னும் ஒரு கூட்டம் வந்து சேர்ந்தது. இப்போது டோலியைச் சுமந்துகொண்டிருந்த ஒருவருக்குக்கூட அது போட்டோவுக்குக் கட்டின டோலி என்று தெரியாது. நடை ஓட்டமாகிவிட்டது.

உள்ளே கடைக்காரருக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. போர்வைக்குள் அவர் உடம்பு குலுங்கியது. பக்கத்தில் ஓடிவந்த ஒருவர் அதைப் பார்த்துவிட்டு, “இழுப்பு வந்துடுச்சிடா, வேகமா போங்க!” என்று கத்தினார். ஓட்டம் இன்னும் வேகமானது. அந்தக் குலுக்கலில்தான் கடைக்காரருக்குச் சிரிப்பு போய் பயம் வந்திருக்க வேண்டும்.

“டேய், எறக்குங்கடா! நான் நல்லாத்தான் கீறேன்!” என்று அலறினார்.

“ஜன்னி கண்டுடுச்சி. ஒளர்றாரு” என்றது முன்னால் ஒரு குரல்.

நான் பின்னால் ஓடினேன். கேமரா கழுத்தில் அடிக்கிறது, செருப்பு ஒன்று எங்கேயோ போய்விட்டது. ‘நில்லுங்க, நில்லுங்க’ என்று கத்திக்கொண்டே ஓடுகிறேன். எனக்குப் பக்கத்தில் ஒரு பெண் ஓடிவந்தார். முப்பத்தைந்து வயது இருக்கும். முழங்கை வரைக்கும் புளித்தூசி. ஓடுகிற ஓட்டத்திலேயே என் கையைப் பிடித்துக்கொண்டார்.

“அழுவாதம்மா. ஒண்ணியும் ஆவாது. தோ, ரோடு வந்துடுச்சி. உன் வூட்டுக்காரரா?” என்றார்.

நான் பதில் சொல்வதற்குள் அவர் என் கையை விட்டுவிட்டு முன்னால் போய், களைத்துப்போன ஒருவரை ஒதுக்கிவிட்டுத் தன் தோளைக் கொடுத்தார்.

ரோடு வந்தது.  எங்களை முந்திக்கொண்டு யாரோ ஓடிப்போய்ச் சொல்லியிருக்கிறார்கள். ஒடுகத்தூர் சந்தைக்குக் கிளம்பிய ஷேர் ஜீப்பிலிருந்து அத்தனை பேரும் இறங்கி ரோட்டில் நிற்கிறார்கள். புளி மூட்டையெல்லாம் இறக்கி ஓரமாக அடுக்கியாகிவிட்டது. டிரைவர் இஞ்சினை ஓடவிட்டு உட்கார்ந்திருக்கிறார். நர்ஸ் ஒரு கையில் குளுக்கோஸ் பாட்டிலோடு ஓடிவருகிறார்.

டோலி இறங்கியது. நர்ஸ் போர்வையை விலக்கினார். கடைக்காரர் மெதுவாக எழுந்து நின்றார். எல்லோரையும் ஒருமுறை பார்த்தார். பிறகு என்ன செய்வதென்று தெரியாமல், நெகிழ்ந்திருந்த லுங்கியை அவிழ்த்து இறுக்கிக் கட்டிக்கொண்டார்.

  எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். நான் ஒற்றைச் செருப்போடு நின்று, இது போட்டோவுக்காகக் கட்டினது, வேன் நிற்காமல் இருப்பதற்காகத்தான், உங்களுக்கெல்லாம் சொல்லாதது எங்கள் தப்பு என்று தட்டுத்தடுமாறிச் சொன்னேன். 

நர்ஸ் என் காதருகில் வந்தார். அவர் கோபப்பட்டு அதற்கு முன்னால் நான் பார்த்ததில்லை.

“இன்னா மேடம் இது? நாளைக்கு நெசமாவே ஒரு டோலி எறங்குனா யாரு ஓடி வருவாங்க? நீங்க லெட்டர் எழுதினு வேலூருக்குப் போய்டுவீங்க. நான் இங்கத்தான நிக்கணும்?” என்றார்.

எனக்குப் பகீரென்றது. கடிதம், வேன் எல்லாம் அந்த நிமிடம் மறந்துபோயிற்று. இந்த மலையில் ஓர் உயிரைக் காப்பாற்ற இருக்கிற ஒரே ஏற்பாடு, கேள்வி கேட்காமல் ஓடிவருகிற இந்த வழக்கம். அதையே நான் ஒரு போட்டோவுக்காகக் கெடுத்துவிட்டேனா? அடுத்தமுறை ஒரு பெண் வலியோடு வரும்போது, ‘இதுவும் போட்டோவாத்தான் இருக்கும்’ என்று யாராவது மரத்தடியிலேயே உட்கார்ந்துவிட்டால்? திட்டுவார்கள், திட்டட்டும், அடித்தாலும் வாங்கிக்கொள்ளலாம் என்று நின்றேன்.

என் கையைப் பிடித்துக்கொண்டு ஓடிவந்தாரே, அந்தப் பெண்தான் முதலில் பேசினார். மூச்சு இன்னும் அடங்கவில்லை. தோளில் மூங்கில் அழுத்திய இடத்தைத் தேய்த்துக்கொண்டே கேட்டார்.

“அப்போ, யாருக்கும் ஒண்ணியும் இல்லியா?”

“இல்லீங்கக்கா” என்றேன்.

“நெசமா? அந்தாளுக்கு இழுப்பு கிழுப்பு?”

“சிரிச்சேன்கா” என்றார் கடைக்காரர், பரிதாபமாக.

அந்தப் பெண் அப்படியே ரோட்டில் உட்கார்ந்தார். அழப்போகிறார் என்று நினைத்தேன். சிரிக்க ஆரம்பித்தார். வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார்.

“இத்தினி வருசமா டோலி தூக்கறோம். உள்ள போனவரு எழுந்து நின்னு லுங்கி கட்னத இன்னைக்குத்தான்டி பாக்கறேன்!” என்று பக்கத்தில் நின்றவரிடம் சொன்னார்.

அவ்வளவுதான். ரோடு முழுக்கச் சிரிப்பு. ‘ஜன்னி’ என்று சொன்னவரைப் பிடித்துக்கொண்டு கடைக்காரர் சண்டை போட, அவர் கடைக்காரரைக் கட்டிக்கொண்டு சிரிக்க, ஜீப் டிரைவர் இஞ்சினை நிறுத்திவிட்டு இறங்கிவந்து விஷயத்தை முதலிலிருந்து சொல்லச் சொல்லிக் கேட்டார். சந்தைக்கு நேரமாகிறது என்று ஒருவர்கூட முணுமுணுக்கவில்லை. அந்த ஆலமரத்தடியில் டோலி இறங்கும்போதெல்லாம் அழுகைதான் கேட்டிருக்கிறதாம். பிள்ளையைப் பறிகொடுத்தவர்களும் அந்தக் கூட்டத்தில் நின்றுகொண்டிருந்தார்கள். அவர்களும் சிரித்தார்கள்.

எனக்கு மட்டும் மனசு ஆறவில்லை. அந்தப் பெண்ணிடம் போய் உட்கார்ந்து, அக்கா, இனிமேல் டோலியைப் பார்த்தால் வரலாமா வேண்டாமா என்று யோசிப்பீர்களா என்று கேட்டேவிட்டேன். என்னை ஒருமாதிரி பார்த்தார்.

“இன்னாத்துக்கு யோசிக்கணும்? நெசமா இருந்தா தூக்கினு வரப் போறோம். பொய்யா இருந்தா இதுமாரி சிரிச்சிட்டுப் போகப் போறோம். பொய்யாவே இருக்கட்டுமே, நல்லதுதான?”

சொல்லிவிட்டு எழுந்து புடவையைத் தட்டிக்கொண்டார். அவருக்கு அது ஒரு பெரிய பேச்சே இல்லை. நான்தான் எழுந்திருக்க முடியாமல் உட்கார்ந்திருந்தேன். நர்சைப் பார்த்தேன். குளுக்கோஸ் பாட்டிலைப் பெட்டியில் திரும்ப வைத்துக்கொண்டே தலையை ஆட்டிச் சிரித்தார். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

பிறகு தீர்ப்பு சொன்னார்கள். டோலியில் சுகமாக வந்த குற்றத்துக்காகக் கடைக்காரர் எல்லோருக்கும் டீயும் கடலைமிட்டாயும் தர வேண்டும். அவர் பாதி மனசோடு கையெடுத்துக் கும்பிட்டார். கடை மேலே இருந்தது, கூட்டம் கீழே இருந்தது. “மேல போறதுக்கும் தூக்குவீங்களா?” என்று கேட்டு இன்னொரு தடவை வாங்கிக்கட்டிக்கொண்டார். ஜீப் கிளம்பும் முன்னால், இவ்வளவு தூரம் ஓடிவந்தோமே, போட்டோ எங்கே என்று அவர்களே கேட்டார்கள். மூங்கிலை நடுவில் பிடித்துக்கொண்டு எல்லோரும் நின்றார்கள். கடைக்காரர் நடுநாயகமாக. நர்ஸ் ஓரத்தில். ஒரு முகம்கூட கேமராவைப் பார்க்கவில்லை, எல்லோரும் கடைக்காரரைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். அந்தப் படத்தை எடுத்தேன்.

வேலூருக்குத் திரும்பியதும் ஒரே மூச்சில் கடிதத்தை எழுதினேன். நடந்ததை நடந்தபடி எழுதினேன். என் செருப்பு போனதிலிருந்து ஜன்னி வரைக்கும் எதையும் விடவில்லை. ‘இந்த மலையில் டோலி வந்தால் உள்ளே இருப்பது யார் என்று யாரும் கேட்பதில்லை. ரோடு வரைக்கும் அவர்கள் சுமந்துகொண்டு வந்துவிடுகிறார்கள். ரோட்டில் ஒரு வேன் நிற்க வேண்டும். அதற்கு உங்கள் தோள் வேண்டும்’ என்று முடித்தேன். ‘ஏழை’, ‘பரிதாபம்’ என்ற வார்த்தைகள் அதில் இல்லை. தேடித் தேடி நீக்கியதல்ல, எழுதும்போது வரவே இல்லை.

பொறுப்பாளர் படித்தார். படத்தைக் கையில் வைத்துக்கொண்டு, “எல்லாரும் சிரிக்கிறாங்களேம்மா. இதுக்கு யாரும்மா குடுப்பாங்க?” என்றார். எனக்கு வழக்கமாக அவரிடம் வாய் எழும்பாது. அன்றைக்கு எழும்பியது. இவர்கள் அழுதுகொண்டு நிற்கவில்லை சார், வேலை செய்துகொண்டு நிற்கிறார்கள், அதைத்தான் காட்டப் போகிறேன் என்றேன். இதுவரை நான் எழுதிய எல்லாக் கடிதத்திலும் இவர்களை அழவைத்துத்தான் பழக்கம், இவர்களோ எனக்கு ஆறுதல் சொன்னார்கள் என்றேன். அவர் கடிதத்தை மறுபடியும் படித்தார். இழுப்பு வந்த இடத்தில் அவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அனுப்பு என்றார்.

அந்தக் கடிதத்துக்குப் பதில்கள் வந்த மாதிரி வேறு எதற்கும் வந்ததில்லை. வருடக்கணக்காக வாய் திறக்காமல் பணம் மட்டும் அனுப்பிக்கொண்டிருந்தவர்கள்கூட, கடைக்காரர் டீ வாங்கிக் கொடுத்தாரா இல்லையா என்று விசாரித்தார்கள். ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர் ஒருவர் போன் செய்தார். ‘பணம் அனுப்பிட்டேன்மா. தோள் குடுக்க எப்போ வரணும்?’ என்று நிஜமாகவே கேட்டார். அவரைச் சமாளிப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. பிறகு ஒருநாள் வேனில் வந்து, நோயாளிகளை வரிசையில் நிற்கவைத்து டோக்கன் கொடுத்துவிட்டுத்தான் போனார். மலைக்குப் போகிற வேன் நிற்கவில்லை. இன்றுவரை போய்க்கொண்டிருக்கிறது.

ஆனால் என் மனசுக்குள் நர்ஸ் கேட்ட கேள்வி அப்படியே இருந்தது. அந்தப் பெண் சொன்னது பெருந்தன்மைக்காகச் சொன்ன வார்த்தையோ என்ற பயம். மழைக்காலம் ஆரம்பித்த பிறகு ஒருநாள் காலையில் நர்சிடமிருந்து போன். முந்தின நாள் மேலே அதே ஊரிலிருந்து டோலி வந்ததாம். தலைப்பிரசவம். பாதையெல்லாம் சேறு, ஆள் வழுக்குகிறதாம். வழி நெடுக சாமை விதைத்த கொல்லைகளிலிருந்து ஒருவர் பாக்கி இல்லாமல் இறங்கி ஓடிவந்திருக்கிறார்கள். அன்றைக்கு என் கையைப் பிடித்துக்கொண்டு ஓடிய அந்தப் பெண்ணும் ஓடிவந்தாராம். மூங்கிலுக்கு அடியில் தோளைக் கொடுத்து, கொஞ்ச தூரம் ஓடின பிறகுதான், “நெசமா, போட்டோவா?” என்று கேட்டாராம். உள்ளே வலியில் துடித்துக்கொண்டிருந்த பெண்ணுக்கே சிரிப்பு வந்துவிட்டதாம். ராத்திரி பெண் குழந்தை பிறந்தது, தாயும் பிள்ளையும் சுகம் என்று நர்ஸ் சொன்னபோது நான் ஆபீஸ் என்றும் பார்க்காமல் ஓவென்று கத்திவிட்டேன்.

இப்போதும் மாதம் தவறாமல் கடிதம் எழுதுகிறேன். கையேந்துகிற வேலை என்ற கூச்சம் அன்றைக்கே போய்விட்டது. ஏமாந்துவிட்டோமே என்று ஒருவர்கூட நினைக்காமல், யாருக்கும் ஒன்றும் இல்லையே என்று ரோட்டில் உட்கார்ந்து சிரித்த அந்த மனிதர்களுக்காக யாரிடம் வேண்டுமானாலும், எத்தனை முறை வேண்டுமானாலும், தலை நிமிர்ந்து என்னால் கேட்க முடிகிறது.